ஆடுகளமும் எழுதுகோலும்

ஆவடியிலிருந்து சென்னைக்குச் செல்லும் புறநகர் இரயில்வண்டியில் ஒரு நாள் காலையில் ஏறிப் பாருங்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும், கல்லூரிக்குச் செல்லும் மாணவரும் மாணவியரும் நெருங்கி நிற்பர். நாளிதழை விரித்துப் படிப்பவர் இன்னும் சிலர் உளர். கைப்பேசியில் படிப்பவர் பலர். இரு திறத்தாருள்ளும் விளையாட்டுச் செய்தியை முதலில் தேடுவோர் பலராவர். நேற்று வென்றவர் யார், தோற்றவர் யார் என்று நாம் ஆவலோடு வினவுகின்றோம். ஆனால், அவ்வெற்றியையும் தோல்வியையும் நமக்கு எழுதித் தந்தவர் யார் என்று வினவுவதில்லை. அவ்வினாவை இன்று எழுப்பிப் பார்ப்போம்.

ஆட்டம் நிகழ்வது ஒரு திடலில். அதனை நேரில் காண்போர் சில ஆயிரவர். எழுத்தின் வழியாகவும் பேச்சின் வழியாகவும் அறிவோர் பல இலட்சம் பேர். முன்னாளில் சென்னை வானொலியில் அப்துல் ஜப்பார், இராமமூர்த்தி, கூத்தபிரான் முதலியோர் தமிழில் கிரிக்கெட் ஆட்டத்தை வருணித்தபொழுது, திடலையே கண்டறியாத சிற்றூர் மக்களும் பந்து பறப்பதைத் தம் மனக்கண்ணால் கண்டனர். சொல்லுவோர் உள்ளத்தின் வழியே ஆட்டம் நம்மை வந்தடைகின்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

எந்த ஆட்டத்திற்கு எவ்வளவு இடம் தருவது, எவர் படத்தை வெளியிடுவது, எவரிடம் எக்கேள்வியைக் கேட்பது, எதனைக் கேளாமல் விடுவது ஆகிய இவற்றையெல்லாம் முடிவு செய்பவர் செய்தியறையில் அமர்ந்திருப்பவர். அவ்வறையில் ஒரே வகையான வாழ்வுடையோர் மட்டும் அமர்ந்திருப்பாராயின், அவர் எத்துணை நல்லவராயினும், அவர் கண்ணுக்குத் தென்படாதவை பல இருக்கும். ஆதலின், விளையாட்டை எழுதும் பணிக்கு எவரைத் தேர்ந்தெடுக்கின்றோம் என்பது ஒரு நிறுவனத்தின் உள்வீட்டுச் செய்தி அன்று. அது நாட்டு மக்கள் அனைவருக்கும் உரிய செய்தி.

நம் பகுதியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். அம்பத்தூருக்கு அண்மையிலுள்ள பாடியில் வளர்ந்தவர்கள் வைஷாலியும் அவர் தம்பி பிரக்ஞானந்தாவும். அவ்வீட்டில் முதன்முதலில் சதுரங்கம் கற்கத் தொடங்கியவர் தமக்கையே. அவர் ஆடக் கண்டு தம்பியும் ஆடத் தொடங்கினார். 2013ஆம் ஆண்டில் மாக்னஸ் கார்ல்சன் சென்னையில் ஒரே வேளையில் பலரோடு ஆடியபோது, 12 வயதுச் சிறுமியாயிருந்த வைஷாலி அவரை வென்றார். 2023ஆம் ஆண்டில் கிராண்ட்மாஸ்டர் தகுதியை எட்டி, அச்சிறப்பைப் பெற்ற மூன்றாம் இந்தியப் பெண் ஆனார். உலகில் ஓர் அக்காளும் தம்பியும் இருவருமே அத்தகுதி பெற்றது அதுவே முதன்முறை. இவ்வளவு இருந்தும், பல செய்திகளில் அவர் நெடுநாள் 'பிரக்ஞானந்தாவின் தமக்கை' என்றே அறிமுகம் செய்யப்பட்டார். தம்பியின் புகழ் உண்மையான உழைப்பால் வந்த புகழே, அதில் ஐயமில்லை. ஆயினும், முதற்காய் நகர்த்தியவரைப் பின்னால் நிறுத்தியது பலகை அன்று, எழுதுகோலே.

பழைய வரலாறு ஒன்றையும் கேளுங்கள். 1911ஆம் ஆண்டில் இந்தியக் கிரிக்கெட் அணி ஒன்று இங்கிலாந்து சென்றது. அவ்வணியில் பந்து வீசி நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர் பல்வங்கர் பாலு. அவர் தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்தவர். திடலில் அவர் வீசிய பந்தைத் தொடுவதற்குத் தயங்காத அணித்தோழர், தேநீர் வேளையில் அவருக்குத் தனிக்கோப்பையில் புறத்தே தேநீர் தந்தனர். அணித்தலைமையும் அவருக்குக் கிட்டவில்லை. இத்தகைய மாவீரரின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பல பத்தாண்டுகள் அவர் கதை மறைந்தே கிடந்தது. 2002ஆம் ஆண்டில் வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குகா தம் நூலில் விரித்தெழுதிய பின்னரே படித்தோர் பலர் அவரை அறிந்தனர். வென்றவர் திடலில் இருந்தார். அவர் வெற்றியைத் தம் வெற்றியாக உணர்ந்து எழுதவல்லார் இதழ்களில் இடம்பெறவில்லை.

கடல் கடந்த அமெரிக்காவிலும் இதே கதை வேறு உருவில் நிகழ்ந்தது. நம் நாட்டில் சாதி செய்ததை அங்கே நிறம் செய்தது. வெண்டல் சுமித் என்னும் கறுப்பின இளைஞர் பள்ளிப் பருவத்தில் பேஸ்பால் ஆட்டத்தில் சிறந்த பந்து வீச்சாளர். ஒரு முறை அவர் வென்ற ஆட்டத்தைக் காண வந்த தேர்வாளர், அவரிடம் தோற்ற வெள்ளை இளைஞரைத் தொழில்முறை ஆட்டத்திற்கு எடுத்துக்கொண்டு, 'உன்னை எடுத்துக்கொள்ள இயலாதே' என்னும் பொருள்பட இரங்கிச் சென்றார். அன்று சுமித்தின் உள்ளத்தில் ஓர் உறுதி பிறந்தது. திடலில் தமக்கு அடைபட்ட கதவை எழுத்தால் திறக்க எண்ணினார். 'பிட்சுபர்க் கூரியர்' என்னும் கறுப்பின மக்களின் இதழில் சேர்ந்து, ஆண்டுக்கணக்காக எழுதினார். 1945ஆம் ஆண்டில் ஜாக்கி ராபின்சன் என்னும் வீரரின் பெயரைப் பிராஞ்ச் ரிக்கி என்னும் அணி நிருவாகிக்கு எடுத்துரைத்தவர் அவரே. 1947 ஏப்ரல் 15ஆம் நாள் ராபின்சன் பெருங்குழு ஆட்டத்தில் அடியெடுத்து வைத்தார், நிறத்தடை உடைந்தது.

இதில் ஒரு விந்தை உண்டு. ஆட்டக்காரருக்குத் திடலின் கதவு திறந்தபோதும், எழுத்தாளருக்குச் செய்தியாளர் கூடத்தின் கதவு எளிதில் திறக்கவில்லை. கறுப்பின இதழ்களின் எழுத்தாளர்களுக்குப் பல திடல்களில் அக்கூடத்தில் இடம் மறுக்கப்பட்டது. சுமித் 1972ஆம் ஆண்டில் காலமானார். பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தின் உயரிய விருது அவருக்கு 1993ஆம் ஆண்டில்தான் வழங்கப்பெற்றது.

பெண்கள் பட்ட பாடும் இதற்குக் குறைந்ததன்று. 1977ஆம் ஆண்டில் மெலிசா லட்கி என்னும் இளம்பெண் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்டிரேட்டட்' இதழின் செய்தியாளராக உலகத் தொடர் ஆட்டத்திற்குச் சென்றார். ஆட்டம் முடிந்தவுடன் வீரர்களின் அறையில் அவர்களைக் கண்டு பேசுவதே அந்நாட்டுச் செய்தியாளர் வழக்கம். ஆண் செய்தியாளர் அனைவரும் உள்ளே சென்றனர். லட்கி மட்டும் வாயிலில் நிறுத்தப்பட்டார். பெண்ணைப் பணியில் அமர்த்தியாயிற்று. ஆனால், பணி செய்ய விடவில்லை. அவரும் அவர் நிறுவனமும் நீதிமன்றம் சென்றனர். வழக்கைக் கேட்டவர் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லி. அவர் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதியாக அமர்ந்த முதற் கறுப்பினப் பெண்மணி. வீரர்களின் நாணத்தைக் காப்பதற்குத் திரைச்சீலை போன்ற எளிய வழிகள் இருக்க, ஒரு பெண்ணின் தொழிலையே தடுப்பது முறையன்று என்று 1978ஆம் ஆண்டில் அவர் தீர்ப்பளித்தார்.

சட்டம் மாறிய அளவில் உள்ளங்கள் மாறிவிடவில்லை. 1984ஆம் ஆண்டில் கிளேர் சுமித் என்னும் கறுப்பினப் பெண் செய்தியாளர் சான் டியாகோ அணியின் அறையிலிருந்து வெளியேற்றப்பட்டார். கண் கலங்கி நின்ற அவரிடம் அவ்வணி வீரர் ஸ்டீவ் கார்வி தாமே வெளியே வந்து, அவர் கேட்ட வினாக்களுக்கெல்லாம் விடை கூறினார். அவர் தம் கடமையை முடிக்கத் துணை நின்றார். எந்தச் சங்கத்தின் விருது வெண்டல் சுமித்துக்குக் காலங்கடந்து கிடைத்ததோ, அதே விருதை 2017ஆம் ஆண்டில் கிளேர் சுமித் பெற்றார். அதனைப் பெற்ற முதற்பெண் அவரே. கார்வியின் செயலை மாணவர்கள் மறத்தலாகாது. தடை செய்வோர் ஆணாயிருக்கலாம். தடை நீக்குவோரும் ஆணாயிருக்கலாம். இது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே நிகழும் போர் அன்று. நீதிக்கும் பழக்கத்திற்கும் இடையே நிகழும் வழக்கு.

இத்துணைப் போராட்டத்திற்குப் பின்னும் அமெரிக்காவில் நிலைமை யாது? அந்நாட்டுச் செய்தித்தாள்களின் விளையாட்டுப் பிரிவுகளை ஒரு பல்கலைக்கழக ஆய்வு நிலையம் 2006ஆம் ஆண்டு முதல் மதிப்பிட்டு வருகின்றது. 2018ஆம் ஆண்டு அறிக்கையின்படி, விளையாட்டுப் பகுதி ஆசிரியர்களுள் 100க்கு 85 பேர் வெள்ளையர். 100க்கு 90 பேர் ஆண்கள். பெண்களைப் பணியில் அமர்த்துவதில் அச்செய்தித்தாள்களுக்குக் கிடைத்த மதிப்பெண், 'தேறவில்லை' என்பதே. ஆயினும், கணக்கெடுத்து வெளியிடும் துணிவு அங்கே உண்டு. நோய் இன்னதென்று எழுதி வைப்பவனே மருந்தும் தேடுவான்.

நம் நாட்டிற்கு வருவோம். 2006ஆம் ஆண்டில் தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட 37 செய்தி நிறுவனங்களில், முடிவெடுக்கும் நிலையில் இருந்த 315 பேரைப் பற்றி ஆய்வாளர் சிலர் கணக்கெடுத்தனர். அவர்களுள் தாழ்த்தப்பட்டோரோ பழங்குடியினரோ ஒருவரும் இலர். பெண்கள் 100க்கு 17 பேர் மட்டுமே. 13 ஆண்டுகள் கழிந்து, 2019ஆம் ஆண்டில் மீண்டும் ஓர் ஆய்வு வெளிவந்தது. செய்தியறைகளின் 121 தலைமைப் பதவிகளுள் 106இல் உயர்சாதியினரே இருந்தனர். அப்போதும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஒருவரும் இலர். இக்கணக்குச் செய்தியறை முழுமைக்கும் உரியது. விளையாட்டுப் பகுதியோ அம்மாளிகையின் ஓர் அறையே ஆகும்.

முன்னோடிகள் இல்லாமல் இல்லை. புகழ்பெற்ற வீரர் சி. கே. நாயுடுவின் மகளார் சந்திரா நாயுடு, 1977ஆம் ஆண்டில் இந்தூரில் நிகழ்ந்த ஆட்டத்தை வருணித்து, இந்தியாவின் முதற் பெண் கிரிக்கெட் வருணனையாளர் எனப் போற்றப்பெற்றார். சாரதா உக்ரா 1989ஆம் ஆண்டில் மும்பையில் விளையாட்டுச் செய்தியாளராகப் பணியைத் தொடங்கி, நாடறிந்த எழுத்தாளராக உயர்ந்தார். ஆனால், விரல்விட்டு எண்ணத்தக்க சிலரைக் காட்டி, 'கதவு திறந்தே கிடக்கின்றது' என்று கூறுவது பொருந்துமோ? மதிலேறிக் குதித்து உள்ளே வந்தவரைக் காட்டி, வாயில் அகன்றதென்று சொல்லலாகாது.

எழுதுவோர் யார் என்பதனால் ஓர் உயிரின் வாழ்வே மாறக்கூடும் என்பதற்குத் தமிழ்நாட்டுச் சான்று ஒன்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் செங்கற்சூளைத் தொழிலாளர் மகளாகப் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006ஆம் ஆண்டு தோகாவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப்பதக்கம் வென்றார். பின்னர், பாலினச் சோதனையில் தேறவில்லை என்று கூறி அப்பதக்கத்தைத் திரும்பப் பெற்றனர். அவர் ஏமாற்றியவர் அல்லர். இயற்கை அளித்த உடலோடு ஓடியவர். மருத்துவருக்கும் அவருக்கும் மட்டுமே உரிய செய்தி உலகெங்கும் பரவியது. வறுமையோடு போராடி வென்ற ஒரு பெண்ணின் துயரம், பலருக்குப் பரபரப்பான தலைப்பாயிற்று. சூளையின் வெம்மையை அறிந்த ஒருவர், ஏழைப்பெண்ணின் மானம் எத்தகையது என்று உணர்ந்த ஒருவர், அச்செய்தியை வெளியிடும் மேசையில் அமர்ந்திருந்தால், 'இதனை இவ்வாறு எழுதுதல் தகுமோ?' என்று ஒரு வினாவேனும் எழுந்திருக்கும் அன்றோ? சாந்தி மனம் தளராமல் பயிற்சி பெற்று, 2016ஆம் ஆண்டில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் தடகளப் பயிற்சியாளராக அமர்ந்தார் என்பது நமக்கு ஆறுதல் தருகின்றது. அது செய்தியறை அளித்த ஆறுதல் அன்று, அவரே ஈட்டிக்கொண்டது.

இங்கே ஒரு மறுப்பு எழுவது இயல்பு. 'எழுத்துப் பணிக்குத் தகுதி ஒன்றே அளவுகோல். ஆணா பெண்ணா, இன்ன குலமா என்று பாராமல், நன்கு எழுதுவோரைத் தேர்ந்தெடுத்தால் போதாதோ?' என்பர். நேர்மையான வினா இது; ஆதலின் நேர்மையாகவே விடை காண்போம். தகுதியே அளவுகோல் என்பதை நானும் ஒப்புகின்றேன். ஆனால், அத்தகுதி எங்கே, எவ்வாறு அளக்கப்படுகின்றது? பணியிடம் காலியென்னும் செய்தி, நண்பர் வாய்வழியாக நண்பருக்கு மட்டும் எட்டுமாயின், எட்டாதவர் தகுதியை எவர் அளந்தார்? ஊதியமின்றிச் சில திங்கள் பழகுநராக இருத்தல் வேண்டும் என்றால், வீட்டுச் செலவுக்குப் பொருள் தரவேண்டிய ஏழை இளைஞன் எவ்வாறு இருப்பான்? ஆட்டங்கள் இரவில் முடிகின்றன. நள்ளிரவுக்குப் பின் பூந்தமல்லிக்கோ திருமுல்லைவாயிலுக்கோ திரும்புவதற்கு ஊர்தி தராமல், 'பெண்கள் இப்பணிக்கு முன்வருவதில்லை' என்று கூறுவது, பாலம் கட்டாமல், 'அக்கரையார் வரவில்லை' என்று குறைகூறுவது போலாகும்.

'கருவிலேயே பெண்களுக்குக் கிரிக்கெட் அறிவு இல்லை' என்பாரும் உளர். அவர்களுக்கு விடை கூறும் பொறுப்பைத் திடலே ஏற்றுக்கொண்டது. 2025 நவம்பர் 2ஆம் நாள் நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று, இந்தியப் பெண்கள் உலகக்கோப்பையைக் கைக்கொண்டனர். அதனை ஆடத் தெரிந்தவர்க்கு எழுத மட்டும் தெரியாமற் போகுமோ?

மற்றொரு பிழையையும் சுட்டுதல் வேண்டும். பெண் செய்தியாளர் ஒருவரை அமர்த்தி, அவரைப் பெண்கள் ஆட்டத்திற்கு மட்டும் அனுப்புவதும், தாழ்த்தப்பட்டோர் ஒருவரை அமர்த்தி, அவரைக் குறைகளை மட்டும் எழுதச் சொல்வதும் சமத்துவம் ஆகா. அவை அறைக்குள்ளே ஓர் அறை கட்டுவதாகும். பெண் ஆண்கள் ஆட்டத்தை எழுதட்டும். ஆண் பெண்கள் ஆட்டத்தை எழுதட்டும். பாலுவின் கதையை எழுதிய குகா பாலுவின் குலத்தினர் அல்லர் என்பதையும் நினைவிற் கொள்க. தன் இனத்தைப் பற்றித் தானே எழுதவேண்டும் என்பதன்று நம் கருத்து. எல்லாரைப் பற்றியும் எழுதும் உரிமை எல்லார்க்கும் வேண்டும் என்பதே நம் கருத்து.

ஆயின், செய்யத்தக்கவை யாவை? முதலாவது, பணியிடங்களைப் பலரறிய விளம்பரம் செய்தல் வேண்டும். இரண்டாவது, பழகுநர்க்கு ஊதியம் அளித்தல் வேண்டும். மூன்றாவது, இரவுப் பணியாளர் இல்லம் சேர ஊர்தி தருதல் வேண்டும். நான்காவது, ஒவ்வொரு செய்தி நிறுவனமும் தன் பணியாளருள் எத்தகையோர் எத்தனை பேர் என்னும் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடல் வேண்டும். ஐந்தாவது, செய்தி திரட்டும் நிலையில் மட்டுமன்றி, செய்தியைத் தேர்ந்து முடிவு செய்யும் ஆசிரியர் நிலையிலும் பலதிறத்தாரும் அமர்தல் வேண்டும். 1976ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சம ஊதியச் சட்டமே, ஆள் சேர்க்கும்பொழுதும் பெண் என்னும் காரணத்தால் வேறுபாடு காட்டலாகாது என்று விதித்தது. சட்டம் வழி காட்டும். நடப்பது நம் கால்களே.

இறுதியாக, மாணவ மாணவியரே, உங்களுக்கு ஒரு சொல். மேல் அயனம்பாக்கத்துப் பள்ளியொன்றில் பயின்ற குகேஷ் 2024ஆம் ஆண்டில் சதுரங்க உலக வாகையர் ஆனார். உலகம் வியக்கும் ஆட்டம் நம் புறநகர்த் தெருக்களிலேயே பிறக்கக்கூடும் என்பதை இதனால் அறியலாம். ஆயின், அவ்வாட்டத்தை எழுதுவோரும் நம் தெருக்களிலிருந்து ஏன் பிறத்தலாகாது? உங்கள் பள்ளித் திடலில் நாளை கபடிப் போட்டி நடைபெறும். வென்ற அணியின் பெயரை மட்டும் குறிக்காமல், ஆடியவர் யாவர், எங்கிருந்து வந்தனர், எவ்வாறு பயின்றனர் என்று கேட்டு ஒரு பக்கம் எழுதுங்கள். மாணவியர் ஆட்டத்திற்கும் மாணவர் ஆட்டத்திற்கும் ஒத்த இடம் கொடுங்கள். எழுதியதை வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.

வெண்டல் சுமித் பள்ளித்திடலில் கொண்ட உறுதி ஒரு நாட்டின் ஆட்டத்தையே மாற்றியது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் உள்ள பள்ளித்திடல்களிலும் அத்தகைய உறுதி பிறத்தல் கூடும். காலை இரயில்வண்டியில் அமர்ந்து விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டும் தொழிற்பேட்டைப் பெண் ஒருத்தி, அங்கே தன் போன்றாள் ஒருத்தி எழுதிய செய்தியைக் காணும் நாள் வருதல் வேண்டும். அந்நாளில் ஆட்டமும் அனைவர்க்கும் உரியதாகும். அதனைச் சொல்லும் சொல்லும் அனைவர்க்கும் உரியதாகும்.